ஒரு நாய், ஒரு கிளி, ஒரு சிவப்பு வளையல்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கையில் வாங்கியதும் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "என்ன சார், ரெண்டும் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுச்சா?" இல்லை என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. நாய் முதுகில் கிளி உட்கார்ந்து ஊர்வலம் போகிற வாட்ஸ்அப் வீடியோவை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு காட்சி நடக்கும், செல்போனில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று வருகிறார்கள்.

நடக்கவில்லை. மூன்று வருடமாக நடக்கவில்லை, இனியும் நடக்காது. ஆனாலும் எங்கள் வீட்டில் பட்டு என்கிற கிளியும் மணி என்கிற நாயும் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கின்றன. அது எப்படி என்று எழுதினால் இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவும் என்று மனைவி சொன்னாள். அதனால் இந்தப் பதிவு.

முதலில் பட்டு. 2013 டிசம்பரில் வந்தது. மகள் கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்டாள். நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டர். வாரத்தில் பாதி நாள் இரவுப் பணி. திருச்சி கருமண்டபத்தில் இந்த வீட்டில் மனைவி தனியாக இருப்பதைப் பார்த்து, பேச்சுத் துணைக்கு என்று மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்த பறவை. ஆப்பிரிக்கன் கிரே வகை. உடம்பு சாம்பல், வால் மட்டும் நல்ல சிவப்பு. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்ல முடியாது, பரிசோதனைக்கு அனுப்பினால்தான் தெரியும். நாங்கள் அனுப்பவில்லை. மனைவிக்கு அது பெண். எனக்கு அது மேலதிகாரி.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் மரங்களில் இருக்கிற பச்சைக்கிளியைப் பிடித்தோ வாங்கியோ வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜோசியக்காரர் கூண்டில் இருந்தாலும் குற்றம்தான். பட்டு வெளிநாட்டு இனம், கூண்டிலேயே பொரித்து வளர்ந்தது. இந்த இனத்தின் சர்வதேச வியாபாரத்துக்கு 2017 முதல் கடுமையான தடை இருக்கிறது. வளர்க்கிறவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாப்பிள்ளை எல்லாவற்றையும் செய்து, காகிதத்தை என் பென்ஷன் ஃபைலில் வைத்திருக்கிறார்.

இந்தப் பறவையின் அறிவைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் முப்பது வருடம் பாடம் சொல்லிக்கொடுத்த அலெக்ஸ் இதே இனம்தான். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொன்னது, 2007இல் இறந்துபோனது. எங்கள் பட்டு அவ்வளவு படிக்கவில்லை. குக்கர் விசில், காலிங் பெல், மனைவி என்னைக் கூப்பிடும் "என்னங்க", அதற்கு நான் பதில் சொல்லாதபோது அவள் கூப்பிடும் இரண்டாவது "என்னங்க", இவை நான்கும் அச்சு அசலாக வரும். நான் ஓய்வு பெற்ற 2017க்குப் பிறகு வீட்டில் எத்தனை தடவை வீணாக எழுந்து கதவைத் திறந்திருப்பேன் என்பதற்குக் கணக்கு இல்லை.

அடுத்து மணி. மனைவியின் அண்ணன் மணப்பாறை பக்கம் தோட்டத்தில் வளர்த்த நாய். சுத்தமான ஜாதி நாய் இல்லை. நீளக் கால், ஒட்டிய வயிறு, கூர் மூஞ்சி எல்லாம் பார்த்தால் எங்கேயோ சிப்பிப்பாறை ரத்தம் கலந்திருப்பது தெரியும். பதினெட்டு கிலோ. 2022 ஆடி மாதம் மைத்துனர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பும்போது நாய் மட்டும் அவர் கயிற்றுக் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

அவர் மகன் பெங்களூரில் அப்பார்ட்மெண்ட். "மாமா, தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. குத்தகைக்காரர் நாய் வேண்டாங்கிறார். எங்க ஃப்ளாட்ல வைக்க முடியாது. ரோட்லதான் விடணும் போல இருக்கு" என்றான். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், அண்ணன் நாய்க்குப் போடும் சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்தாள். "பட்டு இருக்கே" என்றேன். "தெரியும். வழி சொல்லுங்க. முப்பத்தாறு வருஷம் வண்டி மேல வண்டி மோதாம பார்த்துக்கிட்டீங்கல்ல" என்றாள்.

அவள் கோபத்தில் சொன்னாளோ நம்பிக்கையில் சொன்னாளோ, எங்களுக்கு வழி கிடைத்தது அந்த வார்த்தையில்தான்.

மீட்டர் கேஜ் காலத்தில் ஒற்றைத் தடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டோக்கன் என்றால் தெரியும். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரே தண்டவாளம். இரண்டு ஸ்டேஷனிலும் ஒரு டோக்கன் மெஷின் இருக்கும். இரண்டும் கம்பியால் இணைக்கப்பட்டவை. அடுத்த ஸ்டேஷன்காரர் லைன் கிளியர் கொடுத்தால்தான் இங்கே மெஷினிலிருந்து ஒரு இரும்புக் குண்டு வெளியே வரும். அதைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்போம். குண்டு கையில் இருந்தால்தான் வண்டி நகரலாம். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதைத் திரும்ப மெஷினில் போடும்வரை இரண்டு பக்கத்திலும் இன்னொன்று வராது. டிரைவர் நல்லவரா, கெட்டிக்காரரா, ராத்திரி தூங்கினாரா என்பதை நம்பி அந்த ஏற்பாடு செய்யப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒரு தடத்தில் ஒரு வண்டி. அவ்வளவுதான்.

வீட்டிலும் அதையே செய்தோம். எங்கள் வீட்டில் முன்பக்கம் வராண்டா, அப்புறம் ஹால், அதற்கடுத்து நடு அறை, பின்னால் சமையலறை. பட்டு ஜன்னலோரம் இருப்பது நடு அறையில். புதிதாக வருகிறவனுக்காகப் பழைய ஆளை இடம் மாற்றக்கூடாது என்பது மனைவியின் கட்சி. கால்நடை மருத்துவரும் அதையே சொன்னார். அதனால் வராண்டாவும் ஹாலும் மணிக்கு. நடு அறையிலிருந்து பின்பக்கம் பட்டுவுக்கு. ஹாலுக்கும் நடு அறைக்கும் இடையே உள்ள கதவு இருபது வருடமாகச் சாத்தப்படாதது. ஆசாரியைக் கூப்பிட்டு அதன் தாழ்ப்பாளைச் சரிசெய்தோம். அந்தக் கதவுக்கு முன்னால், ஹால் பக்கமாக, ஆள் உயரத்துக்குக் கம்பி வலை அடித்த இன்னொரு கதவு போட்டோம். இரண்டு கதவுக்கும் சேர்த்து டோக்கன் ஒன்று: மனைவியின் பழைய சிவப்பு பிளாஸ்டிக் வளையல். அது ஆணியில் தொங்கினால் பட்டுவின் கூண்டு பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். யார் கையில் வளையல் இருக்கிறதோ அவர் மட்டும்தான் கூண்டைத் திறக்கலாம். அது அவர் கையில் இருக்கும்வரை கதவை வேறு யாரும் தொடக்கூடாது. அறுபத்தைந்து வயதில் நான் சிவப்பு வளையலோடு வாசலில் பால் வாங்கியதைத் தெருவே பார்த்தது.

மணி வந்த முதல் வாரம் இரண்டு கதவும் மூடியே இருந்தன. ஒன்றை ஒன்று பார்க்கவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. மணிக்கு வெறிநாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாம் அந்த வாரமே கொடுத்தோம். அது வராண்டாவில் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தது. பட்டு வாயே திறக்கவில்லை. குக்கர் விசில் இல்லை, காலிங் பெல் இல்லை, "என்னங்க" இல்லை. பக்கத்து வீட்டு அம்மா, "கிளி சமத்தா இருக்கு போல" என்றார். சமத்து இல்லை, பயம். காட்டில் பருந்து வட்டமிட்டால் எல்லாப் பறவையும் வாயை மூடிக்கொள்ளும். இரை ஆகக்கூடிய உயிர் பயந்தால் முதலில் செய்கிற வேலை அதுதான்.

இதைப் புரிந்துகொள்ள இரண்டின் முகத்தைப் பார்த்தாலே போதும். நாயின் கண்கள் முன்பக்கம் பார்க்கின்றன. அது துரத்துகிற இனம். கிளியின் கண்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. எந்தத் திசையிலிருந்து ஆபத்து வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிற இனம். கிளியின் எடை அரைக்கிலோகூட இல்லை. நாய் விளையாட்டாகக் கால் வைத்தாலும் அதன் எலும்பு தாங்காது. பல் லேசாகப் பட்டாலும் நாயின் எச்சிலில் இருக்கும் கிருமிகள் பறவையின் ரத்தத்தில் கலந்துவிடும். காயம் சின்னதுதானே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. கொட்டை உடைக்கிற அலகு நாயின் மூக்கில் பட்டால் சதை பிய்ந்து வரும். ஆக இரண்டுக்கும் ஆபத்து. ஆனால் சமமான ஆபத்து இல்லை.

பட்டுவைத் தினமும் காலையில் சமையலறைத் தராசில் நிறுத்துவது எங்கள் வழக்கம். பறவைகள் உடம்பு முடியாததை மறைக்கும், எடை மறைக்காது. மணி வந்த அன்று 430 கிராம். இரண்டாம் வாரம் 405. பத்தில் ஒரு பங்கு குறைந்தால் யோசிக்காமல் கூட்டிவாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த எல்லைக்குப் பதினெட்டு கிராம்தான் பாக்கி. பழைய டூட்டி டைரி ஒன்றை எடுத்துத் தேதி, எடை, என்ன சாப்பிட்டது, எச்சம் எப்படி, எத்தனை தடவை சத்தம் போட்டது என்று எழுத ஆரம்பித்தேன். அதே பக்கத்தின் எதிரில் மணியின் கணக்கு: எத்தனை கவளம் சாப்பிட்டது.

அந்தப் பக்கமும் நன்றாக இல்லை. நாய்க்குத் துக்கம் இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த நாட்களில் மணியைப் பார்த்திருக்க வேண்டும். மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராண்டாத் தரையில் உட்கார்ந்து, "மணி, சாப்பிடுடா கண்ணு. மணி, சாப்பிடுடா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அரை மணி நேரம் ஆகும். அண்ணனுக்காக அவள் அழுதது எல்லாம் அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் பார்வைக்கு வந்தோம். முதல் தடவை வீட்டுக்குள் இல்லை. நான் மணியைச் சங்கிலியோடு வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், ஜன்னலிலிருந்து தள்ளி, மெதுவாக நடத்திக்கொண்டு போவேன். பட்டு உயரமான கூண்டிலிருந்து, மனைவி பக்கத்தில் நிற்க, பார்க்கும். மேலே இருந்து தூரத்தில் பார்க்கிறபோது பறவைக்குப் பயம் குறைவு. இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, குச்சி மாதிரி ஒல்லியாகி, கழுத்தை நீட்டினால் பயம். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, இறகைத் தளர்த்தி, அலகை அரைத்துக்கொண்டிருந்தால் நிம்மதி. நான்கு நாள் குச்சியாக நின்ற பட்டு ஐந்தாம் நாள் காலைத் தூக்கியது. மனைவி ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். அவுட்டர் சிக்னல் இறங்கிவிட்டது.

அதன்பிறகு வீட்டுக்குள். மரக்கதவு திறந்திருக்கும், வலைக்கதவு மூடியிருக்கும், பட்டு பூட்டிய கூண்டுக்குள் இருக்கும், மணி சங்கிலியில் என் கையில் இருக்கும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்குப் பயிற்சி இல்லை. மணி நன்றாக நடந்து, சாப்பிட்டுவிட்டு வந்த பிறகுதான். ஐந்தே நிமிஷம், காலை ஒன்று, மாலை ஒன்று. ஹால் தரையில் இரண்டடி டைல்ஸ். வலையிலிருந்து ஏழாவது டைல்ஸில் ஆரம்பித்தோம்.

நாயிடம் பார்க்க வேண்டியதும் உண்டு. வாய் மூடி, உடம்பு விறைத்து, காது முன்னால் வந்து, கண் கொட்டாமல் பார்த்தால் அது நட்பாகப் பார்க்கவில்லை. முயலைப் பார்க்கிற பார்வை அது. வாலாட்டிக்கொண்டே அப்படிப் பார்க்கும், ஏமாந்துவிடக்கூடாது. அந்தப் பார்வை வந்தால் திட்டக்கூடாது, சங்கிலியைச் சுண்டக்கூடாது. இரண்டு டைல்ஸ் பின்னால் கூட்டிப் போக வேண்டும். கிளியிடமிருந்து தானாகக் கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தால் ஒரு துண்டு அவித்த முட்டை. அங்கே மனைவி பட்டுவுக்குச் சூரியகாந்தி விதை கொடுப்பாள். அது பட்டுவுக்கு உயிர். வேறு எந்த நேரத்திலும் கொடுப்பதில்லை. நாய் வந்தால் விதை வரும், கிளியை விட்டுப் பார்வையைத் திருப்பினால் முட்டை வரும். இரண்டுக்கும் இந்தக் கணக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

நான்கு நாளைக்கு ஒரு டைல்ஸ் வீதம் முன்னேறினோம். சில வாரம் பின்னேறினோம். பட்டு இடையில் மனைவியின் விரலை நன்றாகக் கடித்தது. பயத்தையோ பொறாமையையோ யாரிடமாவது காட்ட வேண்டுமே. அதற்குப் பிறகு காலையில் முதல் வணக்கமும் முதல் சாப்பாடும் பழையபடி பட்டுவுக்கு, அப்புறம்தான் மணிக்கு என்று ஆயிற்று. பட்டுவின் எடை 418, 424, 428 என்று ஏறியது. மணி முழுத் தட்டும் சாப்பிட ஆரம்பித்தது.

சாப்பாட்டு விஷயத்தில் ஒன்று. கிளி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், பாதி வயிற்றுக்கு, பாதி தரைக்கு. பட்டுவுக்குத் திராட்சை என்றால் ஆசை. ஒரு கடி கடித்துவிட்டுத் தூக்கி எறியும். வலைக்கதவுக்கு அடியில் உருண்டு ஹாலுக்கு வரும். திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்துக்கு விஷம். எந்த நாய்க்கு எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் மணி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் திராட்சை இல்லை. பாயசத்தில்கூட முந்திரி மட்டும்தான். பட்டுவுக்குக் கொய்யாவும் மாதுளையும்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மதியம் வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மனைவி, "மணி, சாப்பிடுடா கண்ணு" என்றாள். மணி துள்ளி எழுந்து ஹாலுக்கு ஓடியது. மனைவி மாடியில் வடாம் காயவைத்துக்கொண்டிருந்தாள். வலைக்கதவுக்கு முன்னால் நாய் நின்று, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்க்கிறது. மூடிய மரக்கதவுக்குப் பின்னால் இருந்து மறுபடியும் அதே குரல், அதே கொஞ்சல், அந்த அரை மணி நேர அழுகையின் கரகரப்போடு: "மணி, சாப்பிடுடா."

நான் சிரித்தேன். மனைவி கீழே வந்து கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "அண்ணன் போன துக்கத்துல நான் எப்படிப் பேசினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இது வச்சிருக்கு பாருங்க" என்றாள்.

மூன்று மாதம் தாண்டியபோது மணி வலையிலிருந்து மூன்றாவது டைல்ஸில் பட்டுவுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. எனக்கே கொஞ்சம் பெருமைதான். பொங்கலுக்கு உறவினர்கள் வந்தார்கள். மாட்டுப் பொங்கல் அன்று மதியம் வளையல் மனைவி கையில். பட்டு கூண்டுக்கு வெளியே, நடு அறையில் தன் மர ஸ்டாண்டில். மணி ஹாலில், ஜன்னல் கம்பியில் சங்கிலி மாட்டி, தூங்கிக்கொண்டிருந்தது. பட்டு வெளியே இருக்கிற நேரத்தில் மணியைக் கட்டிவைப்பது எங்கள் மூன்றாவது தாழ்ப்பாள். சொந்தக்காரப் பையன், ஆறு வயது, கிளியை அருகில் பார்க்கும் ஆசையில் இரண்டு கதவையும் திறந்துவிட்டான். குழந்தை உள்ளே ஓடிவந்ததில் பட்டு மிரண்டு படபடவென்று பறந்து திரைச்சீலைக் கம்பிக்குப் போனது.

அந்தச் சிறகடிப்பு போதுமாக இருந்தது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்ததை யாரும் பார்க்கவில்லை, பாய்ந்ததைத்தான் பார்த்தோம். சங்கிலி விண்ணென்று இழுபட்டு, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. குரைக்கவில்லை. குரைக்கிற நேரம் இல்லை அது. நூறு நாள் முட்டை தின்று கற்ற பாடம் அந்த ஒரு நொடியில் அதன் கண்ணில் இல்லவே இல்லை. முயலை விரட்டிய பாட்டனும் முப்பாட்டனும்தான் இருந்தார்கள்.

சங்கிலி தாங்கியது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பட்டு இரவு வரை கீழே இறங்கவில்லை. மறுநாள் எடை 411. மனைவி தராசைப் பார்த்துவிட்டு, "அனுப்பிடலாங்க" என்றாள். அவள் வாயிலிருந்து வந்ததால் அதன் கனம் எனக்குத் தெரிந்தது. பெங்களூருக்குப் போன் செய்தோம். மைத்துனர் மகன், "அத்தை, ஊர்ல ஒரு பண்ணையில ராக்காவலுக்கு நாய் கேட்கிறாங்க. கட்டிப்போட்டே வச்சிருப்பாங்க போல. ஆனா சோறு போடுவாங்க. பேசட்டுமா?" என்றான். மனைவி, "நாளைக்குச் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி டைரியைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசினோம். நான் ஒன்று கேட்டேன். "நேத்து என்ன நடந்தது? ஒரு கதவு தப்பிச்சு, ரெண்டாவது கதவும் தப்பிச்சு, மூணாவது தாங்கிச்சு. வண்டி மோதலை. ரயில்வேல இதை விபத்துன்னு எழுத மாட்டோம். ஏற்பாடு வேலை செஞ்சதுன்னுதான் எழுதுவோம்." அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ மணி மாறலை?" "மாறலை. மாற வேண்டியதில்லை." "பட்டுவும்?" "பட்டுவும்தான்."

எங்களுக்குள் இருந்த ஒரு ஆசை அன்றைக்குப் போனது. என்றாவது ஒரு நாள் வலைக்கதவை எடுத்துவிடலாம் என்று இரண்டு பேருமே வாய்விட்டுச் சொல்லாமல் நினைத்திருந்தோம். அது போனதும் மனசு லேசாகிவிட்டது. பயிற்சி என்பது நாயை நாயில்லாமல் ஆக்குவது இல்லை. ஒன்று இருப்பது இன்னொன்றுக்கு உறுத்தாத அளவுக்குப் பழக்குவது. அந்த அளவு எங்களுக்குக் கிடைத்துவிட்டது. மீதியைக் கதவு பார்த்துக்கொள்ளும். பண்ணைக்கு அனுப்பினால் வாழ்நாள் முழுக்கச் சங்கிலி. இங்கே ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம். மறுநாள் காலை மனைவி பெங்களூருக்குப் போன் செய்து "வேண்டாம்பா" என்று மட்டும் சொன்னாள். ஆசாரி வந்து வலைக்கதவில் ஐந்தடி உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் அடித்தார். மறுபடி ஏழாவது டைல்ஸிலிருந்து ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஆறு வாரத்தில் முடிந்தது.

உறவுகளிலும் இப்படி உண்டு. ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்த மாமியார் மருமகள்கள் எத்தனையோ பேர் கட்டிப்பிடித்துக்கொண்டவர்கள் இல்லை. யாருக்கு எந்த நேரத்தில் சமையலறை என்று தெரிந்து வைத்திருந்தவர்கள். அவர்கள் காலத்தைச் சண்டைக்காலம் என்று யாரும் சொல்வதில்லை. குடும்பம் நடத்தினார்கள் என்றுதான் சொல்கிறோம்.

இப்போது மணிக்கு எட்டு வயது. மூஞ்சியில் நரை வந்துவிட்டது. சாயங்காலம் மரக்கதவைத் திறந்து வைத்தால் வலைக்கு இந்தப் பக்கம் அது படுத்திருக்கும். அந்தப் பக்கம் பட்டு பூட்டிய கூண்டில் அலகை அரைத்துக்கொண்டிருக்கும். சில நாள் பட்டு "மணி" என்று கூப்பிடும். மணி ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டுத் தூங்கும். முட்டை இல்லாத அழைப்பு என்று அதற்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் சிக்கல். "மணி என்ன ஆச்சு?" என்று நான் மனைவியைக் கேட்டால், "சாப்பிடுடா" என்று பதில் நடு அறையிலிருந்து வருகிறது.

மணி இன்னும் நான்கைந்து வருடம் இருக்கலாம். பட்டுவின் கணக்கு வேறு. இந்த இனம் நல்ல கவனிப்பில் நாற்பது வயதைத் தாண்டும். எனக்கு அறுபத்தெட்டு, மனைவிக்கு அறுபத்து மூன்று. மணி போன பிறகும் இந்த வீட்டில் அதைச் சாப்பிடச் சொல்லிக் கூப்பிடும் குரல் இருக்கும். அந்தக் குரலுக்கு உரியவள் போன பிறகும் இருக்கும். கேட்பதற்கு யாராவது இருக்க வேண்டும். நாயையோ கிளியையோ வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கும் என் வயதுக்காரர்கள் விலை, தீனி எல்லாம் விசாரிப்பதற்கு முன்னால் இதை யோசித்துவிட வேண்டும்.

ஸ்டேஷனில் ஷிஃப்ட் முடியும்போது டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைப்போம். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தத் தடம் அடைப்பு, டோக்கன் எத்தனை, எல்லாம் அதில் இருக்கும். போன மே மாத லீவில் கோவையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். பதினான்கு வயது. பத்து நாளில் தராசு, டைல்ஸ் கணக்கு, எந்தப் பார்வை எப்படி என்பதெல்லாம் கற்றுக்கொண்டாள். வளையலைக் கையில் போட்டுக்கொண்டு அவள் கூண்டைத் திறந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் மணியோடு உட்கார்ந்திருந்தோம்.

"தாத்தா, பட்டுவுக்கு நாப்பது வயசு ஆகும்போது எனக்கு என்ன வயசு?"

"நாப்பத்திரண்டு."

விரல் விட்டு ஒரு தடவை சரிபார்த்தாள். பிறகு டைரியை வாங்கி, அன்றைய எடை 432 கிராம் என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.